பாசியில் எண்ணெய் எடுக்கமுன்

பருத்தித்துறை

அன்பின் மருமகளுக்கு,

உன் ஆய்வு முன்மொழிவு கிடைத்த அன்றே வாசித்தேன். பிறகு பென்சிலை எடுத்துவைத்துக்கொண்டு ஆறுதலாக இன்னொருக்கால் வாசித்தேன். 'வடமராட்சிக் கடற்றொழிலாளருக்குப் பாசி டீசல்' என்ற தலைப்பைப் பார்த்து உன் அம்மா புளகாங்கிதப்பட்டிருப்பா. இரசாயனம் படிப்பித்து ஓய்ந்த எனக்கு அந்த வசதி இல்லை. ஓரமெல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறேன், பொறுத்துக்கொள்.

முதற் பிழை பாசியில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. முனையிலும் இன்பர்சிட்டியிலும் கரையில் கிடக்கிற பைபர் படகுகளின் பின்னால் தொங்குகிற எஞ்சின் எது என்று ஒருக்கால் இறங்கிப் பார். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற எஞ்சின் அது. பொறி பறந்து தீ மூட்டுகிற வகை. பாசியில் இருந்து எடுக்கும் எண்ணெயை மெதனோலோடு தாக்கமுறவைத்தால் வருவது டீசலுக்கு மாற்று. அது இலேசில் ஆவியாகாது, இந்த எஞ்சினில் எரியவும் எரியாது. உள்ளே டீசல் எஞ்சின் பூட்டிய பெரிய படகுகளுக்கு அது சரி. நீ கருணையோடு நினைத்த சின்னப் படகுக்காரனுக்கு அதில் ஒரு துளியும் உதவாது. ஆகத் தலைப்பில் இருக்கிற 'கடற்றொழிலாளர்', 'டீசல்' என்ற இரண்டு சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

இதைச் சொன்னதும் சோர்ந்துபோகாதே. நீ இதைத் தொடங்கிய காரணம் நியாயமானது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ரூபாயாக ஏறியது. அதற்கு முந்தின மாதங்களில் காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. படகுகள் கரையில் ஏறிக் கிடந்தன. உன் தலைமுறைக்கு அதுதான் முதல் அனுபவம். எங்களுக்கு அது இரண்டாம் பாடம். 1990க்குப் பிறகான பொருளாதாரத் தடைக் காலத்தில் மோட்டார்சைக்கிளை ஸ்டார்ட் பண்ணச் சூப்பிப் போத்தலில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் உயர்தரம் படித்தார்கள். எரிபொருள் வெளியில் இருந்து வராவிட்டால் இந்தக் குடாநாடு எப்படி முடங்கும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆகையால் 'இங்கேயே விளைவிக்க முடியுமா' என்ற உன் கேள்வியை நான் குறைத்து மதிக்கமாட்டேன். விடையைத்தான் கொஞ்சம் உலுப்பிப் பார்க்கவேண்டும்.

பாசி என்றதும் ஆய்வாளருக்குப் பித்துப் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. யூசுப் சிஸ்தி 2007ல் எழுதிய கட்டுரையின் அட்டவணையை நீயும் எடுத்துப் போட்டிருக்கிறாய். ஒரு ஹெக்டேயர் தென்னையில் வருடத்துக்கு 2,689 லீற்றர் எண்ணெய், எண்ணெய்ப் பனையில் 5,950, பாசியில் 58,700. ஒற்றைக் கல உயிர். வேர் இல்லை, தண்டு இல்லை, பூக்கக் காத்திருக்கத் தேவையில்லை. நல்ல சூழலில் ஒரு நாளைக்குள் இரட்டிக்கும். தோட்டக் காணி கேட்காது, உப்புத் தண்ணீரிலும் வளரும். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கடைசி இலக்கம் எல்லாம் சரியாக நடந்தால் வருவது. தென்னையின் இலக்கம் தோட்டக்காரன் உண்மையில் பிடுங்கி ஆட்டியது. இரண்டையும் ஒரே நிரலில் வைத்தது எனக்கு உறுத்துகிறது.

நம்முடைய பரப்புக் கணக்கில் போட்டுப் பார்ப்போம். பதினாறு பரப்பு ஒரு ஏக்கர், ஆகவே ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். திறந்த குளத்தில், வருடம் முழுவதும் சராசரியாக, ஒரு சதுர மீற்றரில் நாளுக்கு 15 கிராம் உலர்ந்த பாசி கிடைத்தால் அது திறமான விளைச்சல். அதில் கால்வாசி எண்ணெய் என்று வை. ஒரு பரப்பில் நாளுக்கு 3.8 கிலோ பாசி, அதில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான எண்ணெய். அதாவது பரப்புக்கு நாளொன்றுக்கு ஒரு லீற்றர். சிஸ்தியின் இலக்கப்படி நாலு லீற்றர் வந்திருக்க வேண்டும். நான் போட்டது கஞ்சத்தனமான கணக்கு இல்லை, பிள்ளை. மழையும் முகிலும் நோயும் உள்ள குளத்தின் கணக்கு. ஒரு படகு ஒருநாள் தொழிலுக்கு 25 லீற்றர் குடிக்கும் என்று வைத்தால், அந்த ஒரு படகுக்கு மட்டும் ஒன்றரை ஏக்கர் குளம்.

ஒன்றரை ஏக்கர்கூடப் பரவாயில்லை என்பாய். இனித் தண்ணீருக்கு வருவோம். இந்த இடத்தில்தான் உன் முன்மொழிவில் ஒரு வரிகூட இல்லை. வெயில் காலத்தில் நம் பக்கத்தில் திறந்த நீர்ப்பரப்பில் இருந்து நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் அளவு ஆவியாகும். ஒரு பரப்புக் குளத்தில் அது 1,265 லீற்றர். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு ஆயிரத்து இருநூறு லீற்றருக்கு மேல் தண்ணீர் வானத்துக்குப் போகிறது! வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மெல்லிசாக மிதக்கிற நன்னீரை நம்பித்தான் இவ்வளவு சனமும் இருக்கிறது. அது போதாது என்றுதான் வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரில் இருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் எடுக்கும் நிலையத்தை 2024ல் திறந்தார்கள். அவ்வளவு செலவழித்து உப்பை எடுத்த தண்ணீரைக் குளத்தில் ஊற்றி ஆவியாக விடுவோமா?

'கடல்நீரையே ஊற்றுவேன்' என்று நீ சொல்வது கேட்கிறது. ஊற்று. ஆனால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அல்ல. கால் மீற்றர் ஆழமுள்ள குளத்தில் நாளுக்கு ஐந்து மில்லிமீற்றர் கடல்நீரால் நிரப்பிக்கொண்டு வந்தால் ஐம்பதாம் நாள் உப்பு இரட்டிப்பாகியிருக்கும். கடல்நீர் நுண்பாசிகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே களைத்துவிடும். அறுவடை செய்த தண்ணீரை வெளியே விட்டால் உப்பு மட்டுப்படும், ஆனால் போட்ட பசளையும் அதோடு போய்விடும். பிறகு ஐப்பசி, கார்த்திகை மாரி வந்து ஒரு இரவில் எல்லாவற்றையும் நன்னீராக்கிவிட்டுப் போகும்.

அறுவடை இதைவிடக் கஷ்டம். குளத்துத் தண்ணீர் கடும் பச்சையாகத் தெரிந்தாலும் ஒரு லீற்றரில் அரைக் கிராம் பாசிதான் இருக்கும். மேலே சொன்ன 3.8 கிலோவைப் பிடிக்க ஏழாயிரத்து அறுநூறு லீற்றர் தண்ணீரைப் பிரிக்கவேண்டும். கலத்தின் அளவோ மில்லிமீற்றரில் இருநூறில் ஒன்று. வடித்தால் வடியை அடைத்துவிடும், விட்டால் இலேசில் அடையாது. மையநீக்கப் பொறியில் சுழற்றிக் களியாக்கினாலும் அந்தக் களியில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர், ஏறக்குறைய 15 லீற்றர். அதை அடுப்பில் வற்றவைக்க 38 மெகாயூல் சக்தி வேண்டும். கிடைக்கப்போகும் ஒரு லீற்றர் எண்ணெயில் இருப்பது 34 மெகாயூல். ஆயிரம் ரூபாய்த் தாளைத் தேட ஆயிரத்து நூறு ரூபாய் மெழுகுதிரி கொளுத்துகிற வேலை இது. வெயிலில் காயவிடலாமே என்றால், கருவாடு காயப்போடுகிற ஊரில் அதற்கும் ஆளிருக்கு. ஆனால் காய்வதற்குள் எண்ணெய் காற்றுப் பட்டு ஊசிவிடும், மாரியில் அதுவும் இல்லை. காயவைக்காமல், ஈரக் களியையே 350 பாகை வெப்பத்திலும் பெரும் அமுக்கத்திலும் மசகெண்ணெய் போல் ஆக்கும் முறை ஒன்றை அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வுகூடம் 2013ல் தொடர்ச்சியாக ஓட்டிக் காட்டியது. நல்ல வழி. அந்த அமுக்கம் தாங்குகிற உருக்குக் குழாயும் பம்பும் உன் வளாகம் இருக்கிற அறிவியல் நகருக்கு எப்போது வரும் என்று உன் மேற்பார்வையாளரைக் கேள்.

பசளைக்கு ஒரு வரி. உலர்ந்த பாசியில் ஏழு சதவீதம் அளவு நைதரசன். ஒரு லீற்றர் எண்ணெய்க்கு அரைக் கிலோவுக்கு மேல் யூரியா போகும். 2021ல் இரசாயனப் பசளையை நிறுத்தியபோது கமக்காரர் பட்ட பாட்டைப் பார்த்த நாட்டில், இறக்குமதி எண்ணெய்க்குப் பதில் இறக்குமதி யூரியா என்பது தீர்வு ஆகாது. அந்த யூரியாவும் இயற்கை வாயுவில் இருந்து செய்ததே. காபனீரொட்சைட்டும் அப்படித்தான். காற்றில் இருப்பது குளத்துக்குப் போதாது, புகைபோக்கி ஒன்று பக்கத்தில் வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புகைபோக்கி 1990ல் அணைந்தது. மிச்சம் சுன்னாகத்து உதுறு ஜனனி மின்நிலையம். அது எரிப்பதே கப்பலில் வருகிற எண்ணெய்.

நான் சொல்வது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்கச் சக்தித் திணைக்களம் 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தியது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாசி வகைகளைச் சேர்த்தார்கள். நியூ மெக்சிகோவின் றொஸ்வெல்லில் ஆயிரம் சதுர மீற்றர்க் குளங்கள் கட்டினார்கள். 1998ல் வந்த இறுதி அறிக்கையை முழுவதும் வாசி, சுருக்கத்தை மட்டும் வாசிக்காதே. அதில் ஒரு முடிவு உனக்கு நேரே உறைக்கும். நைதரசனை நிறுத்திப் பாசியைப் பட்டினி போட்டால் எண்ணெய்ச் சதவீதம் ஏறும். ஆனால் வளர்ச்சி நின்றுவிடும், மொத்த எண்ணெய் கூடாது. உன் முன்மொழிவின் மையப் பரிசோதனையே இந்தப் பட்டினிதான். அறுபது சதவீத எண்ணெய் என்று வரைபு போட்டுக் காட்டலாம், பரிசும் கிடைக்கலாம். குளத்துக்கு அதனால் ஒரு சொட்டும் கூடாது.

பிறகு பெரும் பணம் வந்தது. 2009ல் எக்ஸான்மொபில், கிரேக் வென்டரின் சிந்தெடிக் ஜினோமிக்ஸோடு சேர்ந்து 60 கோடி டாலர் வரை செலவழிப்பதாக அறிவித்தது. 2017ல், வளர்ச்சி அதிகம் குன்றாமல் எண்ணெயை இரட்டிப்பாக்கிய பாசி ஒன்றை மரபணு மாற்றத்தால் ஆக்கியதாகக் கட்டுரை வெளியிட்டார்கள். அது மெச்சத்தக்க விஞ்ஞானம், ஒப்புக்கொள்கிறேன். அடுத்த வருடம், 2025ல் நாளுக்குப் பத்தாயிரம் பீப்பாய் எடுக்கும் தகைமை வரும் என்றார்கள். 2023 தொடக்கத்தில் எக்ஸான் கையைக் கழுவிய செய்தி வந்தது. சொலசைம் என்ற நிறுவனத்தின் எண்ணெயைக் கலந்து 2011ல் ஹூஸ்டனில் இருந்து சிக்காகோவுக்குப் பயணிகள் விமானமே பறந்தது. அந்தப் பாசி வளர்ந்தது வெயிலில் அல்ல, இருட்டுத் தொட்டியில் சீனியைத் தின்று! அந்த நிறுவனமும் முகப்பூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் மாறி, பெயரையும் மாற்றி, 2017ல் கடனில் மூழ்கியது.

அக்கரையைப் பார்த்தால் இதே கதையின் சின்ன வடிவம் இருக்கிறது, ஆனால் முடிவு வேறு. 2010ல் சென்னை ஐஐடியின் நிழலில் தொடங்கிய சீ6 எனர்ஜி, கடலில், ஒற்றைக் கலம் அல்லாத பெரும்பாசி வளர்த்து எரிபொருள் எடுப்பதாகத்தான் புறப்பட்டது. பெயரிலேயே எனர்ஜி. இன்று அவர்களின் கையில் காசு புரளவைப்பது கடற்பாசிச் சாற்றில் செய்த பயிர் ஊக்கி. மண்டபம், பாம்பன் கரைப் பெண்கள் மூங்கில் மிதவை கட்டி 45 நாளில் அறுவடை செய்யும் கப்பாபைக்கஸ் பாசியும் அப்படியே. பவநகரின் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆய்வு நிலையத்தார் அதில் இருந்து எதனோல் எடுக்கலாம் என்று காட்டினார்கள். ஆனால் மிதவைக்காரிக்குக் கூலி கொடுப்பது அதன் கூழ்ப்பசையும், பிழிந்த சாறும். பெரும்பாசியில் கொழுப்பு மிகக் குறைவு, டீசல் வராது. இதை உன் முன்மொழிவின் நாலாம் பக்கத்தில் குழப்பியிருக்கிறாய், திருத்து. அந்தப் பாசி குருசடைத் தீவில் பவளப்பாறை மேல் படர்ந்ததை 2008ல் பதிவு செய்திருக்கிறார்கள். பூநகரி வலைப்பாட்டில் நம்மவர் வளர்ப்பதும் அதே இனம். வளர்க்கவேண்டாம் என்று சொல்லவில்லை, கண்ணை மூடிக்கொண்டு வளர்க்காதே என்கிறேன்.

அப்படியென்றால் விட்டுவிடவா என்று கேட்பாய். விடாதே. எரிபொருளை முதலில் வைத்துப் பாசியைத் தேடுவதை மட்டும் விடு.

உன் விடுதியில் இருந்து ஆனையிறவு எவ்வளவு தூரம்? உப்பளத்தின் கடைசிப் பாத்திகள் கோடையில் இளஞ்சிவப்பாகத் தெரிவதை பஸ்ஸில் இருந்தே பார்த்திருப்பாய். அந்தச் சிவப்பில் பக்றீரியாவுக்கும் பங்குண்டு, தூனலியெல்லா என்ற பாசிக்கும் பங்குண்டு. இந்தப் பாசி கடல்நீரைவிடப் பலமடங்கு உப்பில் வாழும். மற்றப் பாசிகளும், பாசியைத் தின்னும் நுண்ணுயிர்களும் பெரும்பாலும் அங்கே நெருங்கமுடியாது. றொஸ்வெல் போன்ற திறந்த குளங்களில் புகுந்துவிடும் அந்நியப் பாசித் தொல்லை இங்கே மிகக் குறைவு. கெட்டியான கலச்சுவர் கிடையாது, உடைப்பது சுலபம். உப்புத் தாங்குவதற்காகக் கலத்துக்குள் கிளிசரோலைச் சேர்க்கும், வெயில் உறைத்தால் பீற்றா கரோட்டினை. சாதகமான நிலையில் உலர்நிறையில் பத்து சதவீதம் வரை கரோட்டின் இருக்கும். அவுஸ்திரேலியாவிலும் இஸ்ரேலிலும் இதை வைத்துத் தொழிலே நடக்கிறது. உப்பளத்தில் வாழும் ஆட்டீமியா என்ற சின்ன இறால் இந்தப் பாசியைத் தின்று கொழுக்கும். அது மீன், இறால் குஞ்சுகளுக்கு முதல் தீன். எல்லாவற்றிலும் பெரிது இது: உன் டீசல் குளத்துக்கு எமனாக வந்த ஆவியாதல்தான் உப்பளத்தின் தொழிலே. தண்ணீர் போகிறதே என்று அங்கே யாரும் அழுவதில்லை.

இன்னொரு வாசலும் உண்டு. கலிபோர்னியாவின் பேர்க்கிளியில் வில்லியம் ஒஸ்வால்ட் 1950களிலேயே கழிவுநீர்க் குளத்தில் பாசியை வளர்த்துத் தண்ணீரைச் சுத்தமாக்கி, பாசியைப் புளிக்கவைத்து மீதேன் எடுக்க யோசித்தவர். புளிக்கவைக்கக் காயவைக்கத் தேவையில்லை, எண்ணெய் பிழியத் தேவையில்லை, மிஞ்சும் சகதி பசளை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டுவது உனக்குத் தெரியும். கிணற்று நீரையே பாசிக்குக் கொடுக்கலாம் என்று அவசரப்படாதே. அந்த 50 மில்லிகிராமில் விளைவது லீற்றருக்கு 0.16 கிராம் பாசி, பிடித்தெடுக்கும் செலவுக்குக் காணாது. நிலத்துக்குள் போகமுன் பிடிக்கவேண்டும்: மலக்கழிவு பவுசர் கொண்டுவந்து கொட்டுவது, மீன்சந்தை கழுவிவிடும் தண்ணீர். அங்கே நைதரசன் கெட்டியாக இருக்கிறது, இலவசமாகவும் இருக்கிறது. வருமானம் சுத்தமான தண்ணீர். வாயு அதற்கு மேலதிகம். படகுக்கு உதவாது, ஆனால் சந்தையின் பம்பை ஓட்டலாம்.

இரண்டில் ஒன்றைத் தெரிவு செய். என்னைக் கேட்டால் உப்பளம். கழிவுநீர் நல்ல வேலை, ஆனால் அதற்குப் பிரதேச சபை, சுகாதாரப் பகுதி என்று ஆறு கதவு தட்டவேண்டும். இறுதியாண்டுக்காரிக்கு அவ்வளவு காலம் இல்லை.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். உன் வரைபடத்தில் தொண்டைமானாற்று நீரேரியின் ஓரத்தைப் 'பயன்படுத்தப்படாத நீர்ப்பரப்பு' என்று குறித்திருக்கிறாய். அங்கே கரைவலை, வீச்சுவலைக்காரர் இருக்கிறார்கள், இறால் பிடிக்கிறார்கள். கௌதாரிமுனையில் கடலட்டைப் பண்ணை வந்தபோது அங்குள்ள மீனவர் ஏன் வீதிக்கு வந்தார்கள் என்பதை ஆய்வு தொடங்கமுன் போய்க் கேள். பசுமைத் தொழில் என்று பெயர் வைத்தாலும் வேலி வேலிதான்.

டீசலாக மாற்றும் இரசாயனம் கையில் வரவேண்டும் என்று நீ ஆசைப்படுவது எனக்கு விளங்கும். அதற்குப் பாசி வளரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பருத்தித்துறைத் தட்டைவடை சுடுகிறவர்களிடம் கறுத்துப்போன எண்ணெயைக் கேட்டுப் பார். தரமாட்டார்கள், இன்னொரு ஈடு சுடலாம் என்பார்கள். கெஞ்சி ஒரு போத்தல் வாங்கு. அமிலப் பெறுமானத்தைத் துணிந்து, மெதனோலும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் சேர்த்து, கிளிசரோல் அடையும்வரை விடு. மெதனோல் ஆவி நச்சு. ஆய்வுகூடத்து ஆவிப்பெட்டிக்குள் செய், வீட்டுக் குசினியில் வேண்டாம். அந்த ஒரு போத்தலிலேயே தெரிந்துவிடும், கஷ்டம் இந்தப் படியில் இல்லை, இதற்கு முந்தின தண்ணீரில்தான் என்று.

முன்மொழிவைத் திருப்பி எழுதும்போது நான் கேட்கிற அட்டவணை ஒன்றுதான். ஒரு கிலோ உலர்ந்த பாசிக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு நைதரசன் உள்ளே போனது; என்னென்ன வெளியே வந்தது. மின்சாரத்தை நூலில் இருந்து எடுக்காதே, மையநீக்கப் பொறிக்கு ஒரு மீற்றரைப் பூட்டி வாசி. பாத்தியின் உப்படர்த்தியை வாரம் ஒருக்கால் ஐதரோமீற்றரால் அள. என்னிடம் பழசு ஒன்று இருக்கிறது, கண்ணாடி வெடிக்கவில்லை. உப்பளத்தில் மாதிரி எடுக்க முகாமையாளருக்கு எழுத்தில் அனுமதி கேள். அடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறாயென்றால் 750 பஸ்ஸில் வந்து இறங்கு, ஐதரோமீற்றரைத் துணியில் சுற்றித் தந்துவிடுகிறேன். அம்மாவிடம் இந்தக் கடிதத்தை முழுவதும் காட்டவேண்டாம், தலைப்பை மாற்றச் சொன்னேன் என்று மட்டும் சொல்.

அன்புடன்,
மாமா